பிளாக்அவுட் லாங்சிர் போட்டும் புள்ள தூங்கலையா? எங்க கோளாறுன்னு பாத்து சரி பண்ற வழி

மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல லாங்சிர், அதாவது சன்னல் திரை தைக்கிற வேலை என்னோடது. தீபாவளிக்கு முன்னாடிதான் ஆர்டர் குவியும், ஆனா இப்பல்லாம் வருஷம் பூரா "அக்கா, புள்ள படுக்குற ரூம்புக்கு நல்லா இருட்டுற துணியா போட்டுக் குடுங்க"ன்னு கேட்டு வர்ற தாய்மாருங்க ஜாஸ்தி. மாட்டுன கொஞ்ச நாள்ல அவங்கள்ல பல பேரு திரும்ப போன் அடிக்கிறாங்க, ஒருத்தர் வெளிச்சம் வருதுன்னு சொல்றாங்க, ஒருத்தர் வேர்க்குதுன்னு சொல்றாங்க, இன்னொருத்தர் இருட்டு நல்லா இருக்கு ஆனா புள்ள 11 மணி வரைக்கும் கட்டில்ல உருளுதுன்னு சொல்றாங்க. எல்லாருக்கும் ஒரே பதில் கெடையாது, அதனால உங்க வீட்டுல என்ன நடக்குதோ அந்தப் பகுதிய மட்டும் தேடிப் படிச்சாலே போதும்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். லாங்சிர் வெளிச்சத்தை மறைக்கும், அவ்வளவுதான். தூங்க வைக்காது. கண்ணுல வெளிச்சம் பட்டா இன்னும் பொழுது இருக்குன்னு மூளைக்கு சேதி போகுது, மெலட்டோனின்ங்கற ஹார்மோன் சுரக்குறது தள்ளிப் போகுது, தூக்கமும் தள்ளிப் போகுது. பெரியவங்கள விட சின்னப் புள்ளைங்களுக்கு இது ரொம்ப அதிகம், ஏன்னா அவங்க கண்மணி பெருசா விரியும், கண்ணு லென்ஸும் நல்லா தெளிவா இருக்கும். 3 வயசுலேருந்து 5 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்கள வச்சு கொலராடோ பல்கலைக்கழகத்துல செஞ்ச ஒரு ஆய்வு 2018-ல வந்துச்சு, படுக்கப் போற நேரத்துக்கு முன்னாடி ஒரு மணி நேரம் நல்ல பிரகாசமான வெளிச்சத்துல வெளையாட விட்டிருக்காங்க, மெலட்டோனின் கிட்டத்தட்ட 88 சதவீதம் கொறஞ்சிருச்சு, அந்த வெளிச்சத்தை எடுத்து 50 நிமிஷம் ஆகியும் பழைய நெலைக்கு வரல. அதனால வெளிச்சத்தை நாம லேசா எடுத்துக்கக் கூடாது.

ஆனா எந்த நேரத்து வெளிச்சம்னு பாக்கணும். இங்கிலீஷ்ல வர்ற டிப்ஸ் எல்லாம் விடியக்காலை 5 மணிக்கே வெயில் வந்து புள்ளைய எழுப்புதுன்னு சொல்லும், அது கோடைக்காலம் உள்ள நாட்டுக்கு. நம்ம தீபகற்பத்துல 1982 ஜனவரி 1-லேருந்து கடிகாரத்தை அரை மணி நேரம் முன்ன தள்ளி வச்சாச்சு, பேராக் பக்கம் வருஷம் பூரா காலையில 7 மணிக்கு மேலதான் சூரியன் வரும், பிப்ரவரில 7:30 ஆகும். சாயந்திரமும் அதே மாதிரி 7:30 வரைக்கும் கூட வெளிச்சம் நிக்கும். அதனால நமக்கு விடியக்காலை வெயில் பெரிய பிரச்சனை இல்ல, ராத்திரி வெளிய எரியுற லைட்டும், பகல்ல படுக்க வைக்கிற கைக்குழந்தை தூக்கமும்தான் பிரச்சனை.

மொதல்ல செய்ய வேண்டிய சோதனை

ராத்திரி புள்ளைய படுக்க வைக்கிற அதே நேரத்துல ரூம்பு லைட்ட அணைச்சுட்டு, கதவை வழக்கமா எப்படி வைப்பீங்களோ அப்படியே வச்சுட்டு, புள்ள தலை வைக்கிற எடத்துலயே நீங்க படுங்க. ஒரு பத்து நிமிஷம் கண்ணு இருட்டுக்குப் பழகட்டும். அதுக்கப்புறம் மொகத்துக்கு முன்னாடி கைய நீட்டிப் பாருங்க, விரல் தனித்தனியா தெரியுதுன்னா வெளிச்சம் வருது. எங்கேருந்து வருதுன்னு அங்க படுத்துக்கிட்டேதான் பாக்கணும், நின்னு பாத்தா தெரியாது. பகல் தூக்கத்துக்குன்னா மத்தியானம் 2 மணிக்கு அதே மாதிரி பாருங்க.

"துணி நல்ல துணிதான், ஆனா ரூம்பு வெளிச்சமாவே இருக்கு"

துணிய குத்தம் சொல்றதுக்கு முன்னாடி துணிதானான்னு பாத்துருங்க. போன் டார்ச்ச துணிக்குப் பின்னாடி ஒட்ட வச்சு அடிங்க. மங்கலா ஒரு வட்டம் தெரிஞ்சா அது வெளிச்சத்தைக் கொறைக்க மட்டும் செய்யுற டிம்அவுட், முழுசா மறைக்கிற பிளாக்அவுட் இல்ல, கடையில ரெண்டையும் ஒரே அலமாரியில வச்சிருப்பாங்க, தொட்டுப் பாத்தா ஒன்னு போலத்தான் இருக்கும். ஊசி முனை அளவுக்கு புள்ளி புள்ளியா தெரிஞ்சா அது தையல் ஓட்டை, மேல பிளீட் (மடிப்பு) தைக்கிற எடத்துலயும் ரெண்டு துணிய ஒட்டுப் போட்ட எடத்துலயும் வரும். இதனாலதான் நான் 280 சென்டிமீட்டர் அகல ரோல எடுத்து படுக்க வச்சு வெட்டுவேன், நடுவுல ஒட்டே வராது. 150 அகலத்துல வாங்குனா ஒட்டு கட்டாயம் வரும்.

துணி நல்லா இருந்தா வெளிச்சம் வர்றது ஓரத்துல. பத்து வீட்டுல எட்டு வீட்டுக்கு இதுதான்னு தைரியமா சொல்வேன். சன்னல் 4 அடின்னா கம்பியும் 4 அடின்னு அளந்துட்டு வந்துருவாங்க. ரெண்டு பக்கமும் கொறஞ்சது ஒரு சாண் தள்ளி இருக்கணும், அப்படின்னா கம்பி அஞ்சரை அடி. துணி அகலம் அந்தக் கம்பிய மாதிரி ரெண்டு மடங்கு, இல்லன்னா இழுத்து மூடுனா நடுவுல கோடு மாதிரி வெளிச்சம் விழும். உயரம் சன்னலுக்கு மேல அரை அடி, கீழ தரை வரைக்கும் விட்டா நல்லது. கம்பி ரெண்டு முனையும் செவுத்துப் பக்கம் வளைஞ்சு போய் முடியுற மாதிரி கெடைக்குது, அதை வாங்குங்க, துணி செவுத்தை ஒட்டி மடங்கி நிக்கும், பக்கவாட்டு வெளிச்சம் அதோட நின்னுரும். ஏற்கனவே நேர் கம்பி போட்டாச்சுன்னா செவுத்துல வெல்க்ரோ பட்டை ஒட்டி, துணி ஓரத்துல அதோட ஜோடிய தைச்சுருங்க, மிஸ்டர் டிஐவை மாதிரி கடைங்கள்ல அந்தப் பட்டை கெடைக்கும்.

வளையம் வச்ச லாங்சிர் பாக்க அழகு, ஆனா புள்ள ரூம்புக்கு நான் போடச் சொல்ல மாட்டேன். வளையத்துக்கும் கம்பிக்கும் நடுவுல உள்ள எடைவெளி வழியா வெளிச்சம் மேல போயி சீலிங்ல அடிச்சு கட்டில் மேல எறங்கும். சீலிங்ல டிராக் அடிச்சு கொக்கி வச்ச பிளீட் போட்டா அந்த வழியே அடைஞ்சுரும்.

பழைய தோட்டத்து வீடு, இல்ல ஊருக்குள்ள உள்ள பழைய தாமான் (குடியிருப்பு) வீடுன்னா இன்னொரு வழி இருக்கு, சன்னலுக்கு மேல காத்துக்குன்னு சிமெண்ட் ஓட்டைக்கல்லு வச்சிருப்பாங்க. லாங்சிர் என்னதான் பெருசா இருந்தாலும் மேல அந்த ஓட்டை வழியா ரோட்டு லைட்டு நேரா உள்ள வந்துரும். முன்னல்லாம் மஞ்ச லைட்டு, இப்ப மாத்துற எடத்துலயெல்லாம் வெள்ளை எல்இடி, அதுல நீல வெளிச்சம் அதிகம், தூக்கத்தை நிப்பாட்டுறதும் அந்த நீலந்தான். செம்பனை ஆலைக்குப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு சொல்லவே வேணாம், காய் அதிகமா வர்ற மாசத்துல ராத்திரி பூரா ஆலை ஓடும், பெரிய லைட்டு போட்டுருவாங்க. அந்த ஓட்டைய அட்டை வச்சு அடைக்காதீங்க, வீட்டுக்கு மூச்சு அதுதான். ஓட்டைக்கு முன்னாடி அரை அடி தள்ளி ஒரு பிளைவுட் பலகைய கீழயும் மேலயும் கொஞ்சம் அதிகமா மறைக்கிற மாதிரி அடிங்க, உள்பக்கம் கருப்பு பெயிண்ட் அடிச்சுருங்க. காத்து சுத்திக்கிட்டு வரும், வெளிச்சம் நேராத்தான் வரும்ங்கறதால பலகையில முட்டி நின்னுரும்.

கருப்பு குப்பைப் பைய சன்னல்ல ஒட்டுறவங்க இருக்காங்க. கைக்குழந்தை உள்ள ரூம்புல அது வேணவே வேணாம், ஒரு மூலை பிரிஞ்சு தொட்டில்ல விழுந்தா மூச்சு அடைச்சுரும். அதே மாதிரி கயிறு இழுக்குற பிளைண்ட் போட்டிருந்தா கயித்த கைக்கு எட்டாத உயரத்துல ஆணியில சுத்திக் கட்டுங்க, தொட்டிலையும் கட்டிலையும் சன்னல விட்டுத் தள்ளிப் போடுங்க. கழுத்துல கயிறு மாட்டி புள்ளைங்க எறந்து போயிருக்காங்க, இதுல யோசிக்கவே வேணாம்.

"இருட்டு ஆயிருச்சு, ஆனா புள்ள வேர்த்து நனையுது"

நம்ம ஊருல பிளாக்அவுட் போட்டு வர்ற பெரிய பிரச்சனை இதுதான். தாமான்ல இருக்கிற ஒரு பொண்ணு போன் அடிச்சுச்சு.

"அக்கா, லாங்சிர் நல்லாத்தான் இருக்கு, ஆனா தம்பி முதுகெல்லாம் நனைஞ்சு போவுது, ராத்திரி ரெண்டு தடவ சட்டை மாத்துறேன்."

"சன்னல தொறந்து வச்சியாம்மா?"

"தொறந்தா இருட்டு போயிருமேக்கா."

போகாது. சன்னலுக்கும் துணிக்கும் நடுவுல ஒரு நாலு விரக்கடை எடைவெளி இருந்தா நாக்கோ கண்ணாடிய (அடுக்கடுக்கா சாய்ச்சுத் தொறக்குற கண்ணாடி) முழுசா தொறந்து விடலாம், துணிதான் வெளிச்சத்தைத் தடுக்குது, கண்ணாடி இல்ல. அந்த எடைவெளிக்கு கம்பி பிராக்கெட் நீளமா உள்ளதா வாங்கணும். காத்து உள்ள வர்றதுக்கு கீழப் பக்கம் துணிய தரைய விட்டு ஒரு விரக்கடை தூக்கி விடுங்க, வெளியேறுறதுக்கு கதவை லேசா தொறந்து வச்சு கதவுக்கு அந்தப் பக்கம் உள்ள லைட்ட அணைச்சுருங்க. ரெண்டு பக்கமும் வழி இல்லாம ஃபேன் மட்டும் சுத்துனா சூடான காத்தே சுத்திக்கிட்டு இருக்கும்.

காத்துல துணி எழும்பி எழும்பி வெளிச்சம் அடிக்குதுன்னா கீழ் மடிப்புக்குள்ள கனம் வேணும். தையல் சாமான் கடையில லாங்சிருக்குன்னே சங்கிலி விக்கும், அதை மடிப்புக்குள்ள விட்டு ரெண்டு முனையும் தைச்சுருங்க. சில்லறைக் காசு போட்டுத் தைக்க வேணாம், தையல் விட்டுப்போச்சுன்னா தவழுற புள்ள வாயிலதான் போகும். சன்னல் தொறந்து இருக்கிறதால வலை கட்டாயம், ஏடிஸ் கொசு இருட்டான மடிப்புக்குள்ளதான் பகல்ல போயி உக்காரும், சாயந்திரம் புள்ள ரூம்புக்குள்ள போறதுக்கு முன்னாடி லாங்சிர நல்லா ஒதறி விடுங்க.

மேக்குப் பாத்த சன்னலுக்கு இது மட்டும் பத்தாது. மத்தியானத்துலேருந்து 7 மணி வரைக்கும் வெயில் அடிச்ச செவுரு ராத்திரி 10 மணிக்கும் கைய வச்சா சுடும், மேல சிங் (தகரம்) கூரைன்னா இன்னும் மோசம். உள்ள லாங்சிர் போட்டா சூடு கண்ணாடிக்குள்ள வந்து துணிக்குப் பின்னாடி தங்கிருது, வெயிலத் தடுக்கணும்னா கண்ணாடிக்கு வெளிய தடுக்கணும். மூங்கில் பிடாய் (தட்டி) வாங்கி அஞ்சடியில, அதாவது வீட்டு முன் நடையில, வெளிப்பக்கம் தொங்க விடுங்க, மத்தியானம் 1 மணிக்கு எறக்கி வெயில் எறங்குனதும் சுருட்டி சன்னல தொறந்து விடுங்க, ராத்திரிக்குத்தான் உள்ள உள்ள லாங்சிர். கருப்பு துணிதான் இருட்டும்னு நெனைக்காதீங்க, வெயில் பக்கம் வெள்ளை முதுகு உள்ள துணி சூட்ட கொஞ்சம் திருப்பி அனுப்பும், இருட்டுறது நடுவுல உள்ள பூச்சுதான்.

புள்ளைக்கு சூடா இருக்கான்னு கைய கால தொட்டுப் பாக்காதீங்க, பிடரியும் நெஞ்சும் தொட்டுப் பாருங்க. ஒரு வயசுக்குள்ள உள்ள கொழந்தைக்கு சூடு ரொம்ப ஏறுறது தூக்கத்துலயே நடக்குற திடீர் மரணத்தோட ஆபத்தை கூட்டும்னு டாக்டருங்க சொல்றாங்க, அதனால இருட்டா, காத்தான்னு ஒன்னத்தான் தேர்ந்தெடுக்கணும்ன்ற நெலை வந்தா காத்தையே எடுங்க.

"ரூம்பு இருட்டு, காத்தும் இருக்கு, 8:30-க்குப் படுத்த புள்ள 10:30-க்குத்தான் தூங்குது"

இப்ப லாங்சிர விட்டுட்டு படுக்குறதுக்கு முன்னாடி உள்ள ஒரு மணி நேரத்தைப் பாருங்க. ஹால்ல வெள்ளை டியூப் லைட்டு, டிவி, கையில போன், அப்புறம் 8:30-க்கு இருட்டு ரூம்புக்குள்ள தள்ளுனா ஒடம்பு இன்னும் பகல்லதான் இருக்கும், மேல சொன்ன ஆய்வு சொல்றதும் இதையேதான். 7:30-லேருந்து ஹால்ல மஞ்ச பல்பு ஒன்ன மட்டும் போடுங்க, குளிக்க வச்சு, சோறு குடுத்து, பேசிக்கிட்டே ரூம்புக்குப் போங்க. பெட்டிக்குள்ள உள்ள போன் புள்ள கைக்கு வராது, அப்பா கையில இருந்தா கண்டிப்பா வரும், அதனால அப்பாவும் அந்த நேரம் போன வச்சுரணும்.

பகல் தூக்கத்தையும் விசாரிங்க. ஆயா வீட்டுலயோ தாஸ்காவுலயோ (புள்ளைங்கள பகல்ல பாத்துக்குற எடம்) புள்ளைய எத்தன மணிக்கு எழுப்புறாங்கன்னு கேளுங்க, 3 வயசுக்கு மேல உள்ள புள்ள சாயந்திரம் 5 மணி வரைக்கும் தூங்குனா ராத்திரி 10-க்கு முன்னாடி எந்த இருட்டுலயும் தூங்காது. 3:30 வாக்குல எழுப்பிட சொல்லுங்க.

மூனாவது, காலை வெளிச்சம். இதைத்தான் யாரும் கணக்குல சேக்குறது இல்ல. லாங்சிர் மாட்டுன நாளுலேருந்து பல வீட்டுல அதைத் தொறக்குறதே இல்ல, லீவு நாளுல புள்ள 9 மணி வரைக்கும் இருட்டுலயே கெடக்கும், அன்னைக்கு ராத்திரி அது தூங்க 11 ஆகும். காலையில எழுந்ததும் லாங்சிர ரெண்டு பக்கமும் முழுசா தள்ளி விடுங்க, புள்ளைய அஞ்சடிக்கு கூட்டிட்டுப் போங்க, அங்கயே பால் குடிக்கட்டும், கோழிக்குத் தீனி போடட்டும். காலை வெளிச்சம் கண்ணுல பட்டாத்தான் ராத்திரி தூக்கம் நேரத்தோட வரும், இருட்டு எவ்வளவு முக்கியமோ இதுவும் அவ்வளவு முக்கியம்.

"ஸ்கூல் நாளுல எழுப்பவே முடியல"

தோட்டத்துலேருந்து வேன்ல தமிழ்ப்பள்ளிக்கு வர்ற புள்ளைங்க 5:30, 5:45-க்கெல்லாம் எழும்பணும், அப்ப வெளிய கும்மிருட்டு, லாங்சிர் இருந்தாலும் இல்லன்னாலும் ஒன்னுதான். 6 வயசுலேருந்து 12 வயசு வரைக்கும் 9-லேருந்து 12 மணி நேரம் தூக்கம் வேணும்னு தூக்க மருத்துவருங்க சொல்றாங்க, 3-லேருந்து 5 வயசுக்கு பகல் தூக்கத்தையும் சேத்து 10-லேருந்து 13 மணி நேரம். 5:45-க்கு எழும்பணும்னா 8:30-க்குள்ள தூங்கியிருக்கணும், படுக்குறது இல்ல, தூங்கியிருக்கணும். எழுப்புறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி ரூம்பு லைட்ட போட்டு விடுங்க, சத்தம் போட்டு எழுப்புறத விட அது நல்லா வேலை செய்யும். ஸ்கூல் லீவுல நேரம் கெட்டுப்போச்சுன்னா கடைசி வாரத்துலேருந்து தெனம் 15 நிமிஷம் முன்ன தள்ளி படுக்க வைங்க, ஒரே நாளுல ரெண்டு மணி நேரத்த இழுக்க முடியாது.

"கைக்குழந்தை பகல்ல தூங்குது, ராத்திரி முழிச்சிருக்கு"

பொறந்து மொத ரெண்டு மூனு மாசம் ராத்திரி பகல்ங்கற கணக்கே ஒடம்புல முழுசா அமைஞ்சிருக்காது. இந்த வயசுல பகல் தூக்கத்துக்கு பிளாக்அவுட் போடாதீங்க, வெளிச்சமும் வீட்டு சத்தமும் இருக்குற எடத்துல படுக்கட்டும், ராத்திரி மட்டும் இருட்டு, பால் குடுக்குறப்பயும் பெரிய லைட்ட போடாம சின்ன செவப்பு லைட்டுல குடுங்க. நாலஞ்சு மாசம் ஆயி, எதைப் பாத்தாலும் திரும்பிப் பாக்குற வயசு வந்த பொறவு பகலுக்கும் இருட்டு உதவும். அப்பா ஆலையில நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து அதே ரூம்புல பகல்ல தூங்குறாருன்னா கொழந்தைய அந்த இருட்டுல அவரு கூடவே நாள் பூரா போட்டுறாதீங்க, ஹால்ல தொட்டில் கட்டுங்க.

"இருட்டுன்னா பயந்து அழுவுது"

ரெண்டு மூனு வயசுல பயம் வர்றது சகஜம், அதுக்காக லாங்சிர கழட்ட வேணாம். செவப்பு இல்ல ஆரஞ்சு கலருல சின்ன நைட் லேம்ப்ப தரைக்குப் பக்கத்துல, கட்டில்ல படுத்தா பல்பு கண்ணுல படாத எடத்துல வைங்க. நீல லைட்டு, வெள்ளை லைட்டு, கலர் மாறி மாறி வர்றது வேணாம். பகல்ல லாங்சிர மூடித் தொறக்குற வேலைய புள்ள கையிலயே குடுங்க, தானே மூடுன இருட்டுன்னா பயம் சீக்கிரம் விலகும்.

"நடு ராத்திரி எழும்பி எழும்பி அழுவுது"

மொத சோதனையில இருட்டு சரியா இருந்துச்சுன்னா காரணம் வெளிச்சம் இல்ல. நாய் குலைக்குறது, லோரி சத்தம், இதெல்லாம் லாங்சிரால நிக்காது, எவ்வளவு தடியான துணியா இருந்தாலும். புள்ள பின்பக்கம் சொறிஞ்சுக்கிட்டே எழும்புதுன்னா கீரிப்பூச்சியா இருக்கலாம், அது ராத்திரியிலதான் அரிக்கும், கிளினிக்ல கேட்டு வீட்டுல எல்லாருக்கும் சேத்து மருந்து குடுக்கணும். பெரும்பாலான ராத்திரி கொறட்டை விடுது, வாயால மூச்சு வாங்குது, நடுவுல மூச்சு நின்னு திணறி எழும்புதுன்னா தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட காட்டுங்க, டான்சில் அடினாய்டு வீக்கமா இருக்கலாம். தூக்கத்துக்குன்னு விக்கிற மெலட்டோனின் மிட்டாயெல்லாம் டாக்டர் சொல்லாம வாங்கிக் குடுக்காதீங்க.

"லாங்சிர் நாத்தம் அடிக்குது, ஒட்டிக்குது, வெளிச்சம் திரும்ப வருது"

மழை மாசத்துல செவுத்தை ஒட்டி நிக்கிற துணிக்குப் பின்னாடி பூஞ்சை புடிக்கும், இருமல் உள்ள புள்ளைக்கு அது ஆகாது, அதனாலயும் தெனம் காலையில தொறந்து விடணும். கழுவுறப்ப வெந்நி வேணாம், மெஷின்ல போட்டு முறுக்க வேணாம், பூச்சு உரிஞ்சு ஓட்டை விழும், அந்த ஓட்டை வழியாத்தான் வெளிச்சம் திரும்ப வரும். கையால அலசி, நெழல்ல கொடியில போட்டு தண்ணி வடிய விடுங்க. பூச்சும் பூச்சும் ஒட்டுற மாதிரி ஈரத்தோட மடிச்சு வச்சா திரும்பப் பிரிக்குறப்ப கிழியும். இஸ்திரி போடணும்னா துணிப் பக்கம் மட்டும், சூடு கொறைச்சு. உரிஞ்ச துணிய தூக்கிப் போட வேணாம், கொண்டு வந்தீங்கன்னா பின்னாடி லைனிங் மட்டும் புதுசா வச்சுத் தைச்சுரலாம், புதுசு வாங்குறத விட செலவு கம்மி.